கத்திரி மழையில் மயிலை முதல் திருவான்மியூர் வரை

வைகாசி பிறக்கும் நாட்களில் மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மொட்டை மாடி முழுவதும் வெள்ளை வேட்டிகள் விரிந்து கிடக்கும். விடியற்காலையில் கிளறிய அரிசிக் கூழை அவற்றின்மேல் வடாமாகப் பிழிந்து, காகம் அண்டாதிருக்க ஒரு கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்துவிட்டுப் பாட்டிமார் கீழே இறங்குவர். அதன்பின் உள்ள வேலை முழுவதும் வெயிலுடையது. அப்படி ஒரு காலையில் கடற்பக்கம் இருண்டு, மண்வாசனை எழுந்து, முதல் துளி விழுமானால் வீடே மாடிக்கு ஓடும். வேட்டியின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு படியிறங்க வேண்டும். ஒருவர் தளர்ந்தாலும் கூழெல்லாம் ஒன்றாகிவிடும். விடுமுறைக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட உற்சாகமான காலை வேறு இல்லை. பாட்டிக்குத்தான் மனம் ஆறாது.

அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிக்கும் காலம் மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28ஆம் தேதியளவில் முடிகிறது. சூரிய பகவான் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை சஞ்சரிக்கும் அந்நாட்களில் சென்னையில் மழையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வங்கக் கடல் பஞ்சாங்கம் பார்த்து நடப்பதில்லை. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் லைலா புயல் சென்னைக் கரையை நனைத்துக்கொண்டே வடக்கே சென்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. 2016 மே மாதத்தில் ரோவானு புயலாகப் பின்னர் உருவெடுத்த காற்றழுத்தமும் இவ்வாறே கத்திரியின் நடுவில் மழை கொட்டிவிட்டுச் சென்றது. ஆனி மாதமும் இதற்கு விலக்கன்று. 1996 ஜூன் 14 அன்று மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் பதிவான ஏறத்தாழ 35 செ.மீ. மழையை அக்காலத்தவர் இன்றும் பேசுவர். 2023 ஜூன் 19 அன்றோ, கோடை விடுமுறை முடிந்து திறந்த சில நாட்களிலேயே மழையின் பொருட்டு நகரின் பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தகைய மழை வந்தால் வீட்டில் போட்ட திட்டங்கள் யாவும் குலைகின்றன. திருமலைக்கு எடுத்து வைத்த பயணச்சீட்டு ரத்தாகிறது, மாமல்லபுரம் தள்ளிப்போகிறது, கடற்கரை இல்லை. பெங்களூரிலிருந்தோ கடல் கடந்தோ வந்த குழந்தைகள் தங்கியிருக்கப்போவது பத்து நாட்கள். அவற்றில் மூன்றை மழை எடுத்துக்கொண்டால் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அது பெரிய நஷ்டந்தான். அடுத்த கோடையில் முழங்கால் எவ்வாறிருக்குமோ, பேரனுக்குத் தேர்வு எதுவோ, யார் கண்டது?

எனினும் சென்னைவாசி ஒருவர் மழையை நொந்துகொள்ளும் முன் 2019ஆம் ஆண்டை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் அவ்வாண்டுக் கோடையில் ஏறக்குறைய வறண்டே போயின. தண்ணீர் லாரி வரும் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு தெருக்கள் உறங்காதிருந்தன. கோயில்களில் மழை வேண்டி யாகமும் ஜபமும் நடத்தும்படி இந்து சமய அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. நந்தியெம்பெருமானைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்புதல், மேகராகக் குறிஞ்சியில் அமைந்த ஞானசம்பந்தர் பதிகத்தைப் பாடுதல், நாகஸ்வரத்தில் அமிர்தவர்ஷிணி வாசித்தல் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வாறு கைகூப்பிக் கேட்ட ஊரில், வரம் கேட்ட மாதத்தில் வராமல் வேறு மாதத்தில் வந்தது என்பதற்காக முகம் சுளிப்பது எங்ஙனம்? கத்திரி நன்றாகக் காய்ந்தால்தான் ஐப்பசியில் நன்றாகப் பெய்யும் என்று கவலைப்படும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கவலையையும் வருணனிடமே விட்டுவிடலாம்.

முற்பகல் வீட்டிலேயே கழியும். பரணில் கிடக்கும் பரமபத சோபான படத்துக்கு வைகுண்ட ஏகாதசி இரவுக்குப் பின் வேலை கிடைப்பது இத்தகைய நாளில்தான். கத்திரிக்குக் காரணமாகச் சொல்லப்படும் காண்டவ வனக் கதையும் மழைநாளுக்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. பசித்து வந்த அக்னி பகவான் வனத்தை உண்ணத் தொடங்க, இந்திரன் மழை பொழிந்து அதனைத் தடுக்க, அர்ச்சுனன் அம்புகளாலேயே கூரை வேய்ந்து ஒரு துளியும் உள்ளே விழாமல் காத்தான் என்று பாட்டி சொல்லும்போது, குழந்தைகள் கேட்கும் முதற் கேள்வி அந்தக் கூரை எத்தனை பெரியது என்பதுதான். தீக்கு இரையான உயிர்களைப் பற்றியும் சில குழந்தைகள் கேட்கும். அதற்கு விடை சொல்வது எளிதன்று.

நான்கு பேர் வசிக்கும் வீட்டில் எட்டுப் பேர் ஈர உடைகளோடு அடைந்து கிடந்தால் மதியத்துக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பர். அப்போது சொல்லத் தக்க மற்றொரு கதைக்கு உரியவர் மயிலையிலேயே அவதரித்தவர். ஐப்பசிச் சதயத்தில், கிணற்றில் மலர்ந்த செவ்வல்லிப் பூவில் தோன்றியவராகப் பேயாழ்வாரைக் குருபரம்பரை கூறும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. அவர் திருக்கோவலூர் சென்றது ஒரு மழை இரவில். காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார் அங்கே ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வாரும் நனைந்துகொண்டு வந்து சேர, மூவரும் நின்றார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் இடமில்லாத அவ்விருளில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். வந்தவர் யார் என்று காண முதல் இருவரும் தம் பாசுரங்களால் விளக்கேற்ற, மயிலையவர் பெருமாளைக் கண்டார். முதல் மூன்று திருவந்தாதிகள் அந்த நெருக்கத்தில் பிறந்தவை. வீட்டில் இடமில்லை என்று முணுமுணுக்கும் பிள்ளைகளுக்கு இக்கதையைக் கூறிவிட்டுப் பேசாமல் இருப்பதே போதும்.

பிற்பகலில் மழை சற்றே ஓய்ந்து தூறலாகும். கோயில்கள் பெரும்பாலும் 4 மணியளவில் நடை திறக்கின்றன. குடையும் உலர்ந்த துண்டும் எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

மயிலையில் மழைநாளில் முதலில் காணத்தக்கது முண்டகக்கண்ணி அம்மன் கோயில். அன்னையின் கருவறைக்கு மேலே விமானம் கிடையாது. தென்னங்கீற்றுக் கூரைதான் உண்டு. அன்னை விரும்பியது அதுவே என்று அடியார்கள் எத்தனை வசதி வந்த பின்னும் அதனை மாற்றவில்லை. வெயிற்காலத்தில் அக்கூரை குளிர்ச்சிக்காக என்று தோன்றும். மழை அதன்மேல் விழும்போது ஓசையே இல்லை. ஓலை நுனிகளிலிருந்து நீர் ஒழுகுவது மட்டும் தெரியும். கற்கோயில்களின் கம்பீரத்துக்குப் பழகிய கண்களுக்கு, ஊரின் தாய் ஊரின் ஏழைக் குடிசையில் வசிப்பது அன்றுதான் நன்கு புலப்படுகிறது.

கபாலீஸ்வரர் கோயிலுக்கு அங்கிருந்து நடக்கும் தொலைவே. மயிலை என்ற பெயரிலேயே மழை ஒளிந்திருக்கிறது. கார்மேகம் கண்டால் ஆடும் பறவையல்லவா மயில்? உமையம்மை மயில் வடிவில் புன்னை மரத்தடியில் சிவலிங்கத்தைப் பூசித்ததாகத் தலபுராணம் கூறுகிறது. அந்தச் சந்நிதி இன்றும் புன்னையின் அருகில் இருக்கிறது. நனைந்த புன்னை இலையின் பசுமையை வெயில் நாளில் சென்றவர் கண்டிருக்க மாட்டார். கிழக்குக் கோபுரம் 1906ஆம் ஆண்டு எழுந்தது; உயரம் 120 அடியளவு. அதன் சுதைச் சிற்பங்கள் மழையில் கழுவப்பட்டுப் புதிதாக நிற்கும். தாத்தாவின் விரல் காட்டும் உருவங்களைக் குழந்தைகள் எளிதில் இனங்காண்பர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெளிப் பிராகாரம் திறந்தவெளி. விளக்கேற்றும் இடங்களில் சிந்திய எண்ணெயும் மழைநீரும் கருங்கல்லில் கலந்தால் பாதம் நில்லாது. எழுபதைக் கடந்தவர்கள் மும்முறை வலம் வந்தே தீர்வது என்று சங்கற்பித்துக்கொண்டு வழுக்கி விழுவதில் புண்ணியம் எதுவும் இல்லை. உட்பிராகாரத்தில் ஒருமுறை வலம் வரலாம். அதுவும் இயலாவிடில் நின்ற இடத்திலேயே ஆத்மப் பிரதட்சிணம் செய்துகொள்வது பெரியோர் அனுமதித்ததே. மழை பெய்தால் சுவாமிக்கே வீதியுலா நின்று உட்பிராகார உலா நடப்பது பல கோயில்களில் உண்டு. பேரனின் கையைப் பிடித்துக்கொள்வதில் வெட்கமும் வேண்டா. அவனுக்கு அதில் பெருமையே.

வெளியே வந்தால் மேற்குப் பக்கத்தில் தெப்பக்குளம். படிகள் அடிவரை தெரிய இக்குளம் வறண்டு கிடந்த கோடைகளை மாட வீதியினர் மறக்கவில்லை. தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டுக்கு முன் வந்த வறட்சியில் இவ்வூர்க் கிணறுகள் பலவும் வற்றின. இப்போது படிக்கட்டில் மழை வட்டங்கள் விழுந்து மறைவதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தை மாதத் தெப்பத்துக்கு இதுவே முதல். அமைதியாகச் சற்று அமர விரும்புவோர்க்கு, அருகில் ராமகிருஷ்ண மடத்தில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய ஆலயத்தின் பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. அங்கே ஈரக் குடையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

திருமலைப் பயணம் தடைப்பட்டவர்கள் மறுநாள் தி.நகர் செல்வதுண்டு. வேங்கடநாராயணா சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெருமாள் கோயில் இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில் ஜி.என். செட்டி சாலையில் பத்மாவதித் தாயாருக்கும் தேவஸ்தானம் ஆலயம் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து வருவோர் மழைநாளில் துரைசாமி சுரங்கப்பாதையை நம்பாதிருப்பது நல்லது.

தி.நகரை அடுத்த சைதாப்பேட்டையில் காரணீஸ்வரர் கோயிலைக் கத்திரி மழையில் தரிசிப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. வசிஷ்டரின் சாபத்தால் காட்டுப் பசுவாகிவிட்ட காமதேனுவை மீட்கச் சிவபூசை செய்ய வேண்டி இந்திரன் இவ்விடம் வந்தானாம். நிலம் தாங்க முடியாத வெம்மையாக இருந்தது. கார்மேகங்களை அழைத்து மழை பொழிவித்துக் குளிர்ந்த சோலையாக்கிய பின்னரே லிங்கம் ஸ்தாபித்தான் என்றும், கார் அணிந்த தலத்தில் எழுந்தருளியதால் இறைவன் காரணீஸ்வரர் ஆனார் என்றும் சொல்வர். காண்டவ வனத்தில் தோற்ற இந்திரனின் மழை இங்கே வென்றிருக்கிறது என்று முன்னாள் கதை கேட்ட குழந்தை ஒன்று கண்டுபிடித்துச் சொல்லக்கூடும்.

ஆயினும் ஒரே ஒரு மழைநாள்தான் கையில் இருக்கிறது, ஒரே ஒரு கோயிலுக்குத்தான் போக முடியும் என்றால் திருவான்மியூரையே சொல்ல வேண்டும். திருமயிலை நிலையத்தில் வேளச்சேரி திசையில் செல்லும் பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம். நிலையத்துப் படிகள் முழங்காலுக்குச் சோதனை. ஏறிவிட்டால் கீழே தெருக்களில் நீர் தேங்கினாலும் கவலையில்லை. பசுமைவழிச்சாலை நிலையம் தாண்டியதும் அடையாறு குறுக்கிடும். மழையில் செந்நிறமாய் ஓடும் அந்த ஆற்றைக் காண ஜன்னலோர இடத்தைக் குழந்தைகளுக்குத் தந்துவிட வேண்டும். 2015 டிசம்பரில் இதே ஆறு கரை கடந்து கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததைத் தாத்தா சொல்லாமல் இருக்க மாட்டார். கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், அடுத்து திருவான்மியூர்.

அகத்திய முனிவருக்கு வன்னி மரத்தடியில் மருந்துகளின் குணங்களை உபதேசித்த பெருமான் இங்கே மருந்தீஸ்வரர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். காமதேனு பால் சொரிந்து வழிபட்டதால் பால்வண்ணநாதர் என்ற பெயரும் உண்டு. நோய்க்கும் மூப்புக்கும் மருந்து தேடி வருவோர் எந்நாளும் மிகுதி. மழைநாளில் கூட்டம் குறைந்து, திருநீறு பெறக் காத்திருக்க வேண்டாத நிலை இருக்கும்.

உள்ளே சென்ற குழந்தை ஒன்றைக் கவனிக்கும். விநாயகரும் முருகனும் நடராஜரும் கிழக்கு நோக்கியிருக்க, மூலவர் மட்டும் மேற்கு நோக்கியிருக்கிறார். ஏன்? வேளச்சேரியில் தங்கி நாள்தோறும் இங்கே வந்து தரிசித்துச் சென்ற அப்பைய தீட்சிதர் ஒருநாள் பெருமழையில் அகப்பட்டார் என்பது தல வரலாறு. வெள்ளம் சூழ்ந்தது. மேற்கிலிருந்து வந்தவரால் கிழக்கு வாயிலுக்குச் சுற்றிச் செல்ல இயலவில்லை. சந்நிதியின் பின்புறத்தில் நீரில் நின்றுகொண்டிருந்தார். அத்வைத நூல்களில் கரை கண்ட மகாபண்டிதர் அன்று வேண்டியதெல்லாம் முகத்தைக் காண வேண்டும் என்ற ஒன்றுதான். பெருமான் அவர் நின்ற திசைக்குத் திரும்பினார். மீண்டும் கிழக்கே திரும்பவும் இல்லை.

இந்த வரலாற்றை வெயில் நாளில் கேட்பது வேறு. பிராகாரத்தில் கணுக்கால் அளவு நீர் நிற்க, ஒரு கையில் குடையும் மறு கையில் பேத்தியின் விரலுமாக மேற்கு நோக்கிய சந்நிதியின்முன் நிற்கும்போது கேட்பது வேறு. வேளச்சேரி என்றால் ஏரியும் சதுப்புமாக இருந்த நிலம். இங்கிருந்து தரமணி, பெருங்குடி கடந்தால் மூன்றாவது நிலையம். 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தில் அப்பகுதியைக் கண்டவர் எவரும் தீட்சிதர் நின்ற நீரை ஐயுற மாட்டார். காசிக்கும் கயிலைக்கும் போக எண்ணி, பின்னர் திருமலைக்காவது என்று சுருங்கி, இந்தக் கோடையில் அதுவும் கைகூடாமல் நிற்கும் முதியவர்கள், கற்பூர ஒளியில் அந்த முகத்தைப் பார்த்தவாறே சற்று அதிக நேரம் நிற்கிறார்கள். அர்ச்சகரும் அவசரப்படுத்துவதில்லை. தாத்தா ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்று கேட்கும் பேத்திக்கு, மழைச்சாரல் என்ற விடை தயாராகக் கிடைக்கிறது.

திரும்பும் வழியில் பெசன்ட் நகருக்குச் செல்லலாமா என்று இளையவர்கள் கேட்பர். கடற்கரையில் 1976ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட அஷ்டலட்சுமி கோயில் அடுக்கடுக்காக மேலேறும் அமைப்புடையது. ஈரப் படிகளில் முதியோர் ஏறுவது உசிதமன்று. கடற்காற்றும் மழையும் சேர்ந்தால் குடை நிற்பதுமில்லை. அதனை வெயில் நாளுக்கு வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ரயிலேறுவதே நன்று.

வீடு திரும்பினால் கூடத்தில் மின்விசிறியின் கீழ் காலையில் காப்பாற்றிய வேட்டி விரிந்திருக்கும். மேலே உலர்ந்து உள்ளே ஈரம் மாறாத வடாமுக்கு ஒரு தனி ருசி உண்டு. எண்ணெயில் பொரிக்கும் முன்பே பாதி காணாமல் போகும். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்னும் பிள்ளைகளை அதட்டுவது போல் அதட்டிவிட்டு, பாட்டி வேட்டியின் நடுப்பகுதியை அவர்களுக்கு எட்டும்படி இழுத்து விடுகிறார். வாசலில் விரித்து வைத்த குடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கே இன்னும் இருட்டாகவே இருக்கிறது.